பதினோரு வாய்தாக்கள்

நெருப்பைக் கண்டுபிடித்தபோது மனிதன் மனிதனானான். வாய்தாவைக் கண்டுபிடித்த பிறகே நாகரிகம் அடைந்தான் என்பது என் தாழ்மையான கருத்து. கிரேக்க நாட்டில், ஏஜியன் கடலில் உள்ள எங்கள் தீவின் நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வக்கீலாக இருக்கிறேன். வாதாடத் தெரிந்தவர்கள் இங்கே பலர். ஒத்திவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

என் கலையின் சிகரம் பேருந்து ஓட்டுநர் ஸ்த்ராதிஸின் வழக்கு. துறைமுகத்தில் நின்றிருந்த முன்னாள் மேயரின் சிலையை ஒரு பேருந்து பின்னோக்கி வந்து இடித்துத் தள்ளிவிட்டது. பழி ஸ்த்ராதிஸ் மேல் விழுந்தது. தீர்ப்பு வரும்வரை அவருடைய ஓட்டுநர் உரிமத்தை முடக்கினார்கள். அவர் மைத்துனரின் உணவகத்தில் ஆக்டோபஸ் கழுவப் போனார்.

"வக்கீல் சார், நான் இடிக்கல. அன்னிக்கு என் பஸ் பட்டறையில சக்கரம் இல்லாம நின்னுது. பட்டறைக்காரர் எழுதிக் குடுத்த சீட்டு இது" என்றார்.

"அப்போ நீங்க நிரபராதியா?" என்று கவலையோடு கேட்டேன். "ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். குத்தம் பண்ணவனுக்கு என்ன தீர்ப்புன்னு முன்னாடியே தெரியும். உங்களுக்கு எது வேணா வரலாம். வாய்தா வாங்கிடுவோம்."

சீட்டைப் பத்திரமாக என் இழுப்பறையில் வைக்கப் பார்த்தேன். கொடுக்க மறுத்துவிட்டார். படிப்பறிவு குறைந்தவர்களுக்கு வக்கீல் மேல் நம்பிக்கை வருவது கடினம்.

முதல் தடவை வக்கீல்கள் வேலைநிறுத்தம். அடுத்தது தேர்தல். அப்புறம் என் சிறுநீரகக் கல். சட்டத்தை மதிக்கும் கல் அது. விசாரணை நாட்களில் மட்டுமே வலித்தது. ஆறாவது தடவை நீதிபதி அம்மையார் என்னை உற்றுப் பார்த்தார்.

"இப்ப என்ன காரணம்?"

"முக்கிய சாட்சி வரல, கனம் நீதிபதி அவர்களே."

"யார் அது?"

"சிலை. பழுதுபார்க்க ஏதென்ஸ் போயிருக்கு."

நகராட்சியின் வக்கீல் தெஸ்பினா எழுந்தார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

"பதினாலு மாசம் போதுமா?" என்று நீதிபதி பெருந்தன்மையோடு கேட்டார்.

வெளியே வந்து நானும் தெஸ்பினாவும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு காப்பி குடித்தோம். ஸ்த்ராதிஸ் ஓரமாக நின்றார். வழக்குக்கென்றே தைத்த கோட்டு அவருக்குத் தொளதொளவென்று ஆகியிருந்தது.

"வாய்தா வாய்தாங்கறீங்க, என் வாய்க்குத்தான் ஒண்ணும் வரல" என்றார். நல்ல நகைச்சுவை. இருவரும் சிரித்தோம்.

ஒருநாள் அவர் மனைவி மிர்சினி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "சார், எம் புருஷன் தூங்கும்போது கியர் போடறாரு. என் முழங்கால்தான் கியர். ரிவர்ஸ் போட்டா கட்டில்லேருந்து விழுந்துடறேன். இது எப்ப முடியும்?"

"பொறுமையா இருங்கம்மா. இதுவரைக்கும் நாம ஒரு தடவைகூடத் தோக்கலையே."

"ஜெயிக்கவும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே போனார்.

பன்னிரண்டாவது தடவையாக விசாரணை குறிக்கப்பட்டிருந்த அன்று கப்பல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஏதென்ஸ் போயிருந்த என்னைப் பிரேயஸ் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்த்ராதிஸுக்குப் போன் செய்தேன். "வக்கீல் வரலைன்னு மட்டும் சொல்லுங்க. வேற வாயே திறக்காதீங்க."

நடந்ததைத் தெஸ்பினாதான் பிறகு சொன்னார்.

"வக்கீல் இல்லையா? வாய்தா வேணுமா?" என்று நீதிபதி கேட்டாராம்.

"வேணாம்மா. தீர்ப்பு குடுங்க, போதும்."

எழுத்தர் தீர்ப்பு எழுதும் தாளைத் தேடி மூன்று அலமாரிகளைத் திறந்தார். ஸ்த்ராதிஸ் அந்தச் சீட்டை நீட்டினார். நீதிபதி படித்தார், தேதியைச் சரிபார்த்தார், தெஸ்பினாவிடம் நீட்டினார். தெஸ்பினா வழக்கம்போல ஆட்சேபணை இல்லை என்றார். விடுதலை.

இப்போது ஸ்த்ராதிஸ் மீண்டும் பேருந்து ஓட்டுகிறார். நிறுத்தத்தில் நான் கை காட்டினால் மட்டும் நிற்காமல் போகிறார். நன்றி எதிர்பார்ப்பவன் அல்ல நான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மொத்த விசாரணைக்கும் பிடித்தது நான்கே நிமிடம் என்கிறார் தெஸ்பினா. அந்த நான்கு நிமிடம் அவரை நெருங்கிவிடாமல் ஒன்பது ஆண்டுகள் காவல் நின்றவன் நான்.