மூக்கர் போன கஞ்சாக் கடை

மொன்றியலில் கஞ்சாவுக்கு மூக்கரைப் போல ஒரு பரம எதிரி இருந்ததில்லை. அஹுன்ட்சிக் பகுதியில் நானும் அவரும் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தாரென்றால், எந்தக் கதவு, உள்ளே எத்தனை பேர், ஜன்னல் திறந்திருக்கிறதா என்பது வரை சொல்லிவிடுவார். ஒருநாள் பொலிசையே வரவழைத்தார். அவர்கள் டோர்ச் அடித்துத் தேட, பல்கனிக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கங்க் வந்தது. அந்தப் பிராணியின் நாற்றமும் கஞ்சா மாதிரித்தான் இருக்கும்.

“ஆர் கண்டது? அதுவும் கஞ்சா பத்தியிருக்கலாம்” என்றார் மூக்கர்.

மூன்றாம் மாடி ரூபன் விஷயத்தில் மட்டும் மூக்கு தவறவில்லை. வீட்டுக்காரரிடம் மூக்கர் போட்ட முறைப்பாட்டில், ரூபன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய் போனான்.

பிறகு சட்டம் மாறியது. வழக்கம்போல் பொலிசுக்குப் போன் எடுத்தவருக்கு, இப்போது அது குற்றமில்லை என்று பதில் வந்தது.

“அரசாங்கமே கடை திறந்து விக்குதாம்! சும்மா பாக்கத்தான் போறன். நீரும் வாரும்” என்றார் என்னிடம்.

கறுப்புக் கண்ணாடியும் மப்ளருமாக வந்தார். கடை, மருந்துக்கடை போலப் பளிச்சென்றிருந்தது. “மணமில்லாத சாமான் இருக்கோ எண்டு கேளும்” என்று தொடங்கி, கடைப்பெண்ணை அரைமணி நேரம் விசாரித்தார். பிரெஞ்சில் மொழிபெயர்த்தே எனக்கு நா வறண்டது.

“அண்ணை, நீங்களுமோ?”

காசு கட்டிவிட்டுத் திரும்பிய மேரி ரீச்சர்! எங்கள் மாதா கோவிலில் பூசைப்பாட்டுப் பழக்குபவர். “எனக்கு நித்திரை வாறேல்லை, அதுதான்” என்று பொட்டலத்தைச் சாவகாசமாகப் பையில் வைத்தார்.

வெளியே வந்ததும் மூக்கர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரீச்சருக்கு பில் குடுக்கினம். ரூபனை நான் வீட்டை விட்டு எழுப்பிப்போட்டன். சாமான் ஒண்டுதானே?”

“அப்ப சட்டம் வேற, அண்ணை.”

“சட்டம் மாறீட்டுது. அவன்ர வீடு?”

அடுத்த ஞாயிறு லொங்குய்ய் போனோம். கதவைத் திறந்த ரூபனிடம், “தம்பி, உன்னை வீட்டை விட்டு எழுப்பினது நான்தான்” என்றார்.

“தெரியும் அண்ணை. அந்த மாரி முழுக்க ஒரு பேஸ்மென்டில கிடந்தன்.” ரூபன் கதவை அகலத் திறந்தான். “உள்ள வாங்கோ, குளிருது. இப்ப இஞ்ச ஒருத்தரும் பத்திறேல்லை, குழந்தை இருக்கு. வேணுமெண்டா மணந்து பாருங்கோ.”

மூக்கர் கைலேஞ்சியை எடுத்து மூக்கை மூடினார். மணத்துக்காக அல்ல.

திரும்பும்போது மெட்ரோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. பாதையின் கோடியிலுள்ள லவால் வரை சும்மா போய்த் திரும்பினோம்.