கதவுக்குப் பிடிக்காத கன்னம்

“தெரியாத நபர்” என்றது கதவு.

ஆபீஸின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குப் பகீரென்றது. எட்டு மாதமாகத் தற்காலிகமாக மாரடித்தவளுக்கு, வேலை நிரந்தரம் என்ற உத்தரவை இன்று ஒன்பது மணிக்கு மேனேஜர் தருவதாக இருந்தது. ஒரு நிமிடம் பிந்தினாலும் மனுஷன் கடித்துக் குதறிவிடுவார். மணி எட்டு நாற்பது. வாசலில் ஈ காக்காய் இல்லை. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள் போலிருக்கிறது.

முகம் பார்த்துத் திறக்கும் கதவு இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தது. ஆளுக்கொரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இவள் முந்நூறு லைக் வாங்கிய போட்டோவை அனுப்பிவைத்தாள். அதில் கன்னம் பாதியாகியிருந்தது, தாடை கூராகியிருந்தது, மூக்கோரத்து மச்சம் போன இடம் தெரியவில்லை. அப்படி ஆக்கிக்கொடுத்த புண்ணியவதி தங்கைதான். அவளுக்கே போன் போட்டாள்.

“அடியே, கதவு என்னை யாருன்னு கேக்குதுடி!”

“கன்னத்தை உள்ள இழுத்துக்கோக்கா.”

இழுத்தாள். “தெரியாத நபர்.”

“மச்சத்து மேல பவுடரை அப்பு.”

அவசரத்தில் டப்பா கவிழ்ந்து பவுடர் இமை வரை ஏறியது. “முகம் எதுவும் தெரியவில்லை” என்றது கதவு.

“ரெண்டு கையாலயும் கன்னத்தைக் காதுப் பக்கமா இழுத்துப் பிடி. கண்ணை நல்லா முழி!”

பிடித்தாள், முழித்தாள். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நாசமாப் போச்சு! மணி எட்டு ஐம்பத்திரண்டுடி!”

“அப்ப அந்த போட்டோவையே காட்டித் தொலையேன்!”

போனை நீட்டினாள். “போலி முகம். மேனேஜருக்குத் தகவல் அனுப்பப்பட்டது” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது கதவு.

போனை வெடுக்கென்று அணைத்தாள். பாழாய்ப்போன கன்னம், கடைசியில் வேலைக்கே உலை வைத்துவிட்டதே! உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி ஒரு மூஞ்சியை வைத்துக்கொண்டு அல்லாடுவதாக அவமானம் பிடுங்கித் தின்றது.

சாமான் இறக்கும் பின்வாசல் நினைவுக்கு வரவே, கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். வேர்வையில் பவுடர் கோடு கோடாக வழிந்தது. மூலையில் திரும்புவதற்குள், துப்புரவு வேலை செய்யும் அக்கா எதிரே வந்து கையை நீட்டி மறித்தார்.

“எங்கம்மா இப்படி விழுந்தடிச்சு ஓடறே?”

“அந்தக் கதவுக்கு என் மூஞ்சி தெரியலையாம்க்கா. நீங்கள்லாம் எப்படி உள்ள போனீங்க?”

“எனக்கென்ன, என் மூஞ்சியை இருக்கிறபடியே எடுத்து அனுப்பினேன். பின்வாசல்லயும் அதே மிஷின்தான். காலையிலேருந்து ஒவ்வொருத்தருக்கா நான்தான் மூஞ்சியைக் காட்டித் திறந்துவிட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் அக்கா. “போ, வரிசையில நில்லு, மேனேஜருக்குப் பின்னாடி.”