எங்க பெட்டிக்கு மட்டும்

ஒப்பந்த வீரர் என்றொரு இனம் உண்டு. பந்தைக் காலால் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும், ஆனால் டி.வி.யில் பெட்டியை மாட்டி ஆடுகிற கால்பந்து வீடியோ கேமில் எந்த அணியின் பெயருக்கும் சட்டைக்கும் எந்தக் கம்பெனி உரிமம் வாங்கியிருக்கிறது, எந்த ஆட்டம் எந்த விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார். அதுவும் எப்படி? "போன வருஷம் நாங்க லீகையே வளைச்சுப் போட்டோம்ல?" நாங்களாம்! அந்தக் கம்பெனிக்கு இவர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

எனக்கு வாய்த்த ஒப்பந்த வீரர் ஒரு பல் டாக்டர். தொழிலும் தோதாக அமைந்துவிட்டது. என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "நம்ம பெட்டியில கேப்டன் கேப்டனாவே வர்றார், கன்னத்து மச்சம் உட்பட. அவங்க பெட்டியில உரிமம் இல்ல. அதே ஆளு, அதே ஓட்டம், பேரு மட்டும் 'ஒன்பதாம் நம்பர்', தலையில வேற யாரோட முடியோ! அதெல்லாம் ஒரு ஆட்டமா, சொல்லுங்க?" என்றார். என் வாயில் பஞ்சு, ஒரு குழாய், அவருடைய இரண்டு விரல்.

"ஆ," என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க!"

'அவங்க' என்றால் அவருடைய மச்சினன். அவரிடம் இருப்பது மற்றப் பெட்டி. பழைய ஆட்டம் இரண்டு பெட்டியிலும் ஓடியதால், ஞாயிறு சாயங்காலம் தவறாமல் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே நெட் வழியாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆடியது பாதி, வைதுகொண்டது பாதி என்று சொர்க்கத்தில் இருப்பார்கள். இந்த வருடம் வந்ததே செய்தி! டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு போனும் கையுமாக வராந்தாவுக்கு ஓடினார்.

"மச்சான், முடிஞ்சுது உன் கதை! புது ஆட்டம் எங்க பெட்டிக்கு மட்டும்தான். கையெழுத்தே ஆயிடுச்சு!"

"அப்படியா மாமா? ரொம்ப சந்தோஷம்."

ஞாயிறு வந்தது. கேப்டன் மச்சத்தோடு வந்தார். டாக்டர் ஏழு கோல் போட்டார். எதிரே ஆடியது யார்? பெட்டியேதான். ஒவ்வொரு கோலுக்கும் "எப்படி மச்சான்?" என்று கத்தினார், ஹெட்போனில் ஒரு திட்டுகூட வரவில்லை. எட்டாவது கோலுக்கு மனசே வரவில்லையாம். "உங்க கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்லுங்களேன்," என்றிருக்கிறார் மனைவி. இதையெல்லாம் என்னிடம் சொன்னதும் அந்த அம்மாள்தான். சிரித்தேன் என்றாலும் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு டாக்டர், பல்லைப் பார்க்கிற சாக்கில் மச்சினன் வீட்டுக்கே போய், சோபா நுனியில் உட்கார்ந்து, எதிரிப் பெட்டியின் கன்ட்ரோலரை இரண்டு விரலால் வாங்கி, ஒன்பதாம் நம்பரிடம் ஐந்து கோல் வாங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்: "இந்த முடியும் அவருக்கு நல்லாத்தான்டா இருக்கு!"

திருந்திவிட்டாரா? திங்கட்கிழமையே என் வாயில் விரலை விட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம் ஸ்டேடியத்தையும் நாங்க எடுக்கப்போறோம்," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லட்டுமா? உங்கள் கையில் இருக்கிற போன் கொஞ்சம் சுமார் ரகம்தான். அடடா, ஏன் முகம் சிவக்கிறது? போனைத்தானே சொன்னேன்?