போர் விமானத்துக்குப் பிசிறு வெட்டிய கதை

எந்தத் துணிக்கும் வெளிப்பக்கம் யோக்கியமாகத்தான் இருக்கும். அதன் லட்சணம் தெரிய வேண்டுமானால் உள்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றே தலை நரைத்தவள் நான். திருப்பிப் பார்க்காமல் எதையும் நம்புவது எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தால் தேங்காய்க்கு முன்னால் தையலைப் பார்ப்பேன். முருகன் படம் வாங்கியபோதுகூட, பின்பக்கம் அட்டையை ஒழுங்காக ஒட்டியிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் கும்பிட்டேன்.

படிப்பு பெரிதாக இல்லை. கையெழுத்துப் போடுவேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எஸ், எம், எல், எக்ஸெல்லோடு சரி. ஆனால் கண் இருந்தது. ஊசி தாண்டிய இடம், எண்ணெய்க் கறை, விட்டுப்போன நூல் பிசிறு, எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. குற்றம் உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். நான் அம்பு ஒட்டினால் முதலாளிகூட எதிர்த்துப் பேச மாட்டார். ‘செக்கிங் அக்கா’ என்றால் கம்பெனியில் டெய்லர்கள் தைத்ததை இன்னொருமுறை திருப்பிப் பார்ப்பார்கள். என் கை பட்டுப் போன பெட்டி திரும்பி வந்ததே கிடையாது. (ஒரு தடவை வந்தது. அது நான் லீவில் இருந்த வாரம்.)

அந்தக் கர்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்படி வடிந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சாவகாசமாகத்தான் சொல்வேன். அவசரப்பட்டு ஒருமுறை பட்டது போதும்.

ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். என் வீட்டுக்காரர் தவறி, நானும் மகள் கோகிலாவும் மட்டும்தான் வீட்டில். அவள் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

“அம்மா, எங்க கம்பெனியில பேட்டர்ன் மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. பேரு முத்து. முழுப் பேரு சுடலைமுத்து.”

“தெக்கத்திக்காரனா?”

“கோயில்பட்டிப் பக்கம். சின்னப் பையனா இருக்கறப்பவே இங்க வந்துட்டாங்க.”

“குடிப்பானா?”

“இல்லம்மா.”

“சீட்டாட்டம்?”

“அதுவும் இல்ல.”

“அப்பறம் ஞாயித்துக்கிழமைல என்னதான் பண்ணுவான்?”

கோகிலா ஒரு நொடி யோசித்தாள். “ஏதோ ஊட்டுக்குள்ளயே வேலை பண்ணிட்டு இருப்பாரு” என்றாள்.

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டேன். தையல் விட்ட இடம் என் கண்ணுக்கு அப்படித்தான் அகப்படும்.

“நான் விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவேன்” என்றேன்.

“தாராளமா விசாரி. குத்தம் இருந்தா அம்பு ஒட்டு, நானே வேண்டாம்னு சொல்லிடறேன். குத்தம் இல்லைன்னா நீ பாஸ் போடணும். ஆனா ஒண்ணும்மா, அவரு இல்லைன்னா எனக்கு வேற மாப்பிள்ளை பார்க்காதே.”

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். என் பெண் சத்தம் போட்டால் பயப்பட மாட்டேன். இப்படி மெதுவாகப் பேசினால்தான் பயம்.

அவர்கள் வீடு மங்கலம் போகிற வழியில். அந்தத் தெருப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்குகிற சாக்கில் விசாரித்தேன்.

“தங்கமானவங்க” என்றாள் கடைக்காரம்மா.

எடுத்த எடுப்பில் தங்கம் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் பாக்கு வாங்கினேன்.

“ஆனா ஒண்ணுங்க, அந்தப் பையன் லீவு நாள்ல தலையவே வெளிய காட்டமாட்டான். ரூமைச் சாத்திக்குவான். பெயிண்டு வாடையா வருமுங்க. வெளிநாட்டுல இருந்து குட்டிக் குட்டியா பார்சல் வேற வருது. ஒருக்கா போஸ்ட்மேன் எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போனாரு. ஓரம் பிரிஞ்சிருந்துச்சு, உள்ள பித்தளைத் தகடாட்டம் தெரிஞ்சுதுங்க.”

தகடு! முதலில் மந்திரத் தகடு என்றுதான் நினைத்தேன். அதற்கு வெளிநாட்டுக்குப் போவானேன், நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்களே என்று அதைத் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரைக் கள்ளத்தனமாக அடித்து, மிச்சம் விழுந்த பனியனில் தைத்து விற்கிற ஆட்கள் அப்போது ஊருக்குள் இருந்தார்கள். ஜீன்ஸ் பேண்டில் வைக்கிற பித்தளைப் பட்டை என்றால் இன்னும் கிராக்கி. பூட்டிய அறை, பெயிண்ட் வாடை, வெளிநாட்டுத் தகடு! பையன் கள்ள லேபிள் போடுகிறான். நாளைக்குப் போலீஸ் வரும். என் மகள் ஜாமீனுக்கு அலைவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, சிவன்மலைப் பிரசாதம் கொடுக்கிற சாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கோகிலாவிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் மேல் அம்பு ஒட்டியே தீருவது என்ற முடிவோடுதான் போனேன்.

முத்துவின் அம்மா கதவைத் திறந்தார். “கோகிலா அம்மாவா! போட்டோவுல பாத்திருக்கேன், வாங்க வாங்க, எதுக்கு வெளிய நிக்கிய? முத்து இப்பதான் கடைக்குப் போனான். உக்காருங்க, காப்பி போடுதேன்” என்று அடுப்படிக்குள் போனார்.

அந்த அறைக் கதவு திறந்திருந்தது. திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பது தப்பில்லை. (சாத்தியிருந்தால் திறந்து பார்த்திருப்பேன் என்பது வேறு விஷயம்.)

உள்ளே ஒரு மேசை. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, பிளேடு, இடுக்கி, பல்குத்தும் குச்சிகள். எங்கள் செக்கிங் டேபிளைவிடச் சுத்தம். அதுவே தப்பாகப் பட்டது. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. ‘சிக்கினான்’ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. எறும்புக்குப் போடுகிற மாதிரி குட்டிக் குட்டி பெல்ட்டும் பக்கிளும்தான் இருந்தன. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் எல் என்று இருந்தது, இன்னொன்றில் ஆர். ஆர் என்று ஒரு சைஸ் உலகத்தில் எந்தப் பனியனுக்கும் கிடையாது. சந்தேகம் இன்னும் முற்றியது. (இடது பக்கம், வலது பக்கம் என்று அர்த்தமாம், பின்னால்தான் கோகிலா சொன்னாள்.)

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் போர் விமானம். நடுவில் பைலட் உட்காரும் குழி. அதற்குள் கடுகு கடுகாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெயிண்ட். பைலட்டின் நாற்காலி மட்டும் வெளியே ஒரு குச்சியின் நுனியில் நின்றது. பேரீச்சங்கொட்டை அளவுதான் இருக்கும். அதற்கு மெத்தை உண்டு, அந்தப் பித்தளை பெல்ட்டும் உண்டு. மேசை முழுக்கத் தேடியும் லேபிள் ஒன்றுகூட இல்லை. பையன் பொம்மைதான் செய்கிறான்!

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில், கொஞ்சம் பாசத்தோடுகூட, நாற்காலியைக் கையில் எடுத்தேன். எவ்வளவு நறுவிசான வேலை! ஆனால் பாவம், பிசிறு வெட்ட ஆளில்லை. பக்கத்தில் ஒரு கறுப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு பச்சை நூல் தொங்கியது, முன்பக்கம் மஞ்சளில் ஒரு நூல் சுருண்டு நின்றது.

என் பையில் பிசிறு வெட்டும் குட்டிக் கத்தரி எப்போதும் இருக்கும். கை தானாக அதை எடுத்தது. அடியோடு அடியாக ஒட்ட வெட்டினேன். அதே ஜோரில் விமானக் குழிக்குள் தெரிந்த பிசிறுகளையும் எடுத்துவிட்டேன். வெட்டியதைக் கீழே போடக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். அதனால் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

வாசலில் நிழலாடியது. கையில் கலர் சோடா பாட்டிலோடு முத்து.

“வா கண்ணு. அருமையா செஞ்சிருக்கே. பிசிறுதான் விட்டுப்போச்சு. நானே எடுத்துட்டேன்” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தான்.

“அது பிசிறு இல்லீங்கம்மா. பைலட் மூச்சு விடுற குழாய்.”

“இந்தக் கறுப்பு?”

“அதாங்க. பச்சை, அவரு போட்டிருக்கற டிரெஸ்ஸுக்குக் காத்து போறது.”

“அப்ப இந்த மஞ்சள்?”

“விமானம் விழறப்ப அதைப் பிடிச்சு இழுத்தாத்தாங்க, அவரு சீட்டோட வெளிய வந்து தப்பிக்க முடியும்.”

ஆக, அந்த மனிதனின் மூச்சையும் நிறுத்தி, தப்பிக்கிற வழியையும் அடைத்துவிட்டேன். (நல்லவேளை, அவன் இன்னும் வந்து உட்காரவில்லை.)

காபியோடு வந்த முத்துவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, இதுக்குன்னு என்ன பாடு பட்டான் தெரியுமா? விமானப் பொட்டியோட வந்த சீட்டுல ஒரு நுணுக்கமும் இல்லன்னு தூரப் போட்டுட்டு, இதைத் தனியா வெளிநாட்டுல இருந்துல்லா வரவழைச்சான். உள்ள போகமாட்டேங்குன்னு அரத்தை வச்சுத் தேய்ச்சான், விமானத்தையும் உள்பக்கம் சுரண்டுனான். நாளெல்லாம் இதே வேலை.”

“பரவாயில்லீங்கம்மா” என்றான் முத்து.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் டெய்லர் ‘பரவாயில்லை’ என்றால் அடியில் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அதை விட முடியவில்லை. போதாததற்கு, பெட்டியில் வந்ததைத் தூரப் போட்டான் என்ற பேச்சு வேறு காதில் மாட்டிக்கொண்டது.

“அதென்ன கண்ணு, கூட வந்தது சரியில்லைன்னா உடனே தூக்கிப் போட்டுட்டு வேற வரவழைப்பியா? நாளைக்கு என்ற பொண்ணுகிட்ட ஒரு குறை கண்டீன்னா?”

கலர் பாட்டில் மேசையில் டக்கென்று உட்கார்ந்தது.

“அத்தை! என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். அதுக்காக இதையா வெட்டுவீங்க? வேணும்னேதானே செஞ்சீங்க?”

அதுவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டவன், கோபத்தில்தான் முதன்முதலாக ‘அத்தை’ என்றான். அதை ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

“இல்ல கண்ணு, பிசிறுன்னு...”

“இத்தனை வருஷம் செக்கிங்ல இருக்கறவங்களுக்குப் பிசிறு எது, பீஸ் எதுன்னு தெரியாதா? ஊருல யாராச்சும் நம்புவாங்களா?”

அவன் அம்மாவும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிருக்கலாம்லா” என்றார் மெதுவாக.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், முதல் தடவையாக மற்றவர்களின் சந்தேகத்துக்கு நடுவில் நின்றேன். உட்காரக்கூட இடம் இல்லாத மாதிரி இருந்தது. எனக்கு இரண்டே வழி. தெரிந்துதான் வெட்டினேன் என்றால் கண்ணின் பெயர் நிலைக்கும், கோகிலாவின் கல்யாணம் போகும். தெரியாமல் வெட்டினேன் என்றால் செக்கிங் அக்காவின் பெயர் போகும். கத்தரியை மேசையில் வைத்தேன். தட்டு கழுவப் போன என் பெண்ணின் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது.

“தெரியல கண்ணு. என்ற கண்ணு தப்பிருச்சு.”

அதைச் சொல்ல நான் பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

முத்து நாற்காலியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பேட்டர்ன் மாஸ்டர், துணி வெட்ட அளவு போட்டுக் கொடுக்கிறவன்; வெட்டைப் பார்த்தால் வெட்டினவர் மனசு அவனுக்குத் தெரிந்துவிடும் போல.

“அம்மா, இங்க பாருங்க” என்று அவன் அம்மாவைக் கூப்பிட்டான். “ஒரு கீறல் இல்ல, பெயிண்டு உதிரல. ஒட்ட வெட்டியிருக்காங்க. கெடுக்கணும்னு நினைச்சா பிச்சு எறிஞ்சிருப்பாங்க. இவ்வளவு அக்கறையா யாரு கெடுப்பா?” அவன் உதடு துடித்தது. அழப் போகிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். “நெசமாலுமே பிசிறுதான் வெட்டியிருக்காங்க!”

பிறகு கலர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினான். கோபம் அவன் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது எனக்குப் பிடித்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. மறைத்துவைத்த தையல் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. கோகிலா செல்போனும் கையுமாக, சிவந்த கண்ணோடு நின்றாள்.

“பாஸா?” என்றாள்.

“பாஸ்.”

“குத்தம் ஒண்ணும் இல்லியா?”

“இருக்குது. அவன் மேல இல்ல.”

அடுத்த மாதமே கல்யாணம் பேசி முடித்தோம். எங்கள் கம்பெனியில் வீணாகிற லைக்ரா நூலில் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். இழுத்தால் இழுபடும், பெயிண்டும் பிடிக்கும். அதில்தான் பைலட்டுக்குப் புதுக் குழாய் வைத்ததாகக் கோகிலா சொன்னாள். கண்ணாடி மூடியைப் பசை போட்டு ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாப்பிள்ளை விமானத்தை என் கண்ணில் காட்டினார்.

இன்றைக்கும் நான் அவர்கள் வீட்டுப் படி ஏறினால், “அம்மா வருது, தொங்கறதையெல்லாம் எடுத்து உள்ள வைங்க” என்று கோகிலா குரல் கொடுப்பாள். விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதைதான் முதல் பலகாரம். ஹாலில் கண்ணாடி ஷோகேஸில் அந்த விமானம் இருக்கிறது. அதற்குப் பூட்டும் உண்டு. பைலட் சீட்டுக்கு நேராக, கண்ணாடியில், எங்கள் கம்பெனியின் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை மாப்பிள்ளை ஒட்டிவைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் கல்யாணத்தில் எடுத்த என் போட்டோ.

போன தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். அம்பு விமானத்தைப் பார்க்கவில்லை. நேராக என் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகளைக் கேட்டால் மாப்பிள்ளையைக் காட்டுகிறாள், மாப்பிள்ளையைக் கேட்டால் அவர் அம்மாவைக் காட்டுகிறார், சம்பந்தியம்மாவோ “ஸ்டிக்கரு தானா திரும்பியிருக்கும்” என்கிறார். தங்கமானவர்கள்தான். ஆனாலும் நான் விசாரிப்பதை விடவில்லை.