எருமைக்குக் கதை படித்த கம்பளிப்பூச்சி

பூமியில் மார்கழி மாதம் உண்டானதே புத்தகம் படிப்பதற்காகத்தான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கணபதி ஊரில் இருந்தார். கோலம், பஜனை, பொங்கல் எல்லாம் அவருக்கு நடுவில் வந்த இடைஞ்சல்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊர் அவரைக் கம்பளிப்பூச்சி என்றது. எங்கள் பக்கத்தில் பட்டப்பெயருக்கும் மரியாதை குறையாது. "ஏனுங்க கம்பளிப்பூச்சிங்க, சௌக்கியமுங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவரும் "சௌக்கியமுங்க" என்பார்.

வெள்ளைக்காரன் காலம் அது. கோயமுத்தூரில் மில்லுச் சங்குகள் ஒவ்வொன்றாக ஊத ஆரம்பித்திருந்தன. அப்படி ஒரு மில்லில் அவருக்குக் கிளார்க்கு வேலை. எங்கள் பின்கட்டு அறையில் குடியிருந்தார். நான் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். கடைப் பலகையில் இருக்கிற மாதிரி பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அந்தத் தெருவில் பெண்களில் அதுவே பெரிய படிப்பு. அதை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்லிக்கொள்வதில்லை.

வெயில் காலத்தில் அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். "வேர்வையில கதை ஒட்டாதுங்க" என்பார். பனி இறங்கியதும் கறுப்புக் கம்பளியை உதறுவார். ஒரு சொம்பு சுக்குக் காப்பி, ஒரு மடி வறுத்த கடலைக்காய், முன்னால் கரி அடுப்பு. கம்பளிக்கு வெளியே மூக்கும் புத்தகமும்தான் தெரியும். கையை வெளியே நீட்டினால் குளிர் உள்ளே போய்விடும் என்று தாடையாலேயே ஏட்டைத் திருப்புவார். வாய்விட்டுத்தான் படிப்பார். மனசுக்குள் படித்தால் உடம்பு சூடாகாதாம்.

ஒரு நாள் அடுப்புப் பொறி பறந்து விறகுக்கு அடுக்கியிருந்த எங்கள் பருத்திமார்ப் போரில் விழுந்தது. அணைத்துவிட்டோம். என் மாமியாரைத்தான் அணைக்க முடியவில்லை.

"இனி இந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாதுங்க. நெருப்பு வேணும்னா சுடுகாட்டுக்குப் போய் உக்காந்து படிங்கொ!"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அங்க வெளிச்சம் பத்தாதுங்க ஆத்தா."

அடுத்த நாள் பொழுது விடிந்ததும் அவரைக் காணவில்லை. மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து குரல் வந்தது. எங்கள் எருமை காரி படுத்திருந்தாள். அவள் வயிற்றில் சாய்ந்துகொண்டு கம்பளிப்பூச்சி படித்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பை விட இது நல்லாருக்குதுங்க அம்மணி" என்றார் என்னிடம். "கரி போட வேண்டியதில்லை."

அன்று முதல் அதுதான் அவர் இடம். நான் சாணி அள்ளும் சாக்கில் கதை கேட்டேன். நல்ல கட்டம் வந்தால் சாணி அள்ள நேரமாகும். "அம்மணி, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கெடக்குதுங்க" என்று அவரே காட்டிக்கொடுப்பார்.

காரிக்குக் கன்று செத்துப்போயிருந்தது. இருட்டோடு மாமியார் கறக்க உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டு உதைப்பாள். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தும் மசியவில்லை. விற்றுவிடுவது என்று மாமியார் முடிவு செய்தார். கம்பளிப்பூச்சிக்கு முகம் செத்துப்போயிற்று.

"கதை பாதியில நிக்குதுங்க ஆத்தா."

"அதுக்கு?"

"இவ போயிட்டா நான் எங்கீங்க சாயறது?"

"செவுத்துல சாயுங்கொ."

"செவுரு குளுருதுங்களே."

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் எருமை பார்க்க வந்தார். வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கட்டுத்தறியில் படிப்பு நடந்துகொண்டிருந்தது. மாமியார் சாமியை வேண்டிக்கொண்டு பால் கறக்கிற போசியோடு குந்தினார். பால் பொழிந்தது. காரி காதை ஆட்டிக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடேங்கப்பா! புடிச்சுட்டுப் போறனுங்க" என்றார் வந்தவர்.

கம்பளிப்பூச்சி படிப்பதைச் சட்டென்று நிறுத்தினார். பாலும் நின்றது.

"என்னுங்க, நின்னுபோச்சு?"

மாமியார் எருமையைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். "படிங்கொ" என்றார். அவர் ஒரு வரி படித்தார்; பால் வந்தது. நிறுத்தினார், நின்றது.

வந்தவர் தலையைச் சொறிந்தார். "அவரையுஞ் சேத்திக் குடுப்பீங்களா?"

"அவரு வாடகைக்கு இருக்கறவருங்க" என்றார் மாமியார்.

வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார். மாமியார் கம்பளிப்பூச்சியின் பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து கறக்கற நேரத்துக்கு வந்து படிக்கோணும். வெயில் காலத்துலயுந்தான்."

"சுக்குக் காப்பீங்க?"

"தாரேன், போங்கொ."

சித்திரை வெயிலிலும் அந்த மனிதர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட எருமைக்குக் கதை படித்தார். வாக்கு வாக்குத்தானே.

இரண்டு மார்கழி போயிற்று. திருப்பூர்ப் பக்கம் வேறு மில்லில் வேலை கிடைத்துக் கிளம்பினார். போகும்போது கட்டுத்தறிக்கு வந்து காரியின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, கம்பளியையும் புதுப் புத்தகம் ஒன்றையும் என்னிடம் நீட்டினார்.

"காரிக்குங்க, அம்மணி."

மறுநாள் காலை காரி மாமியாரை உதைத்தாள். "ஏ புள்ள, உனக்குத்தான் நாலெழுத்துத் தெரியுமே, வந்து படி" என்றார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "ஒ... ரு... ஊ... ரி... லே..." காரி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அசைபோட்டாள். பால் வந்தது. நான் தப்புத் தப்பாகப் படித்ததை அவள் கடைசி வரைக்கும் சொல்லிக்காட்டவில்லை. கறவை வற்றுவதற்குள் புத்தகம் முழுவதையும் முடித்துவிட்டேன்.

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. எருமைக்கு எதற்குப் பெரிய எழுத்து என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.