முப்பத்தேழு குடியிருப்பாளர்கள்

எங்கள் தெருச் சாக்கடை ஓடி இரண்டு வருஷமாகிறது. தேங்கி நிற்கிறது. கொசு வளர்க்கிறது. மருமகள் காய்ச்சலில் விழுந்தாள். நாற்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சுகாதார அலுவலகம் போனேன்.

அதிகாரி மனுவைப் படித்தார். அதுவே அதிசயம்.

"தூர்வாரினா கொசு என்னாகும்?"

"சாகும்."

"கொசுவுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு தெரியாம எப்படிப் பெரியவரே ஆணை போடறது?"

இருநூறு கொசு ஆய்வுக்கூடம் போயிற்று. மூன்று மாதம். மருமகள் தேறி, மறுபடி விழுந்தாள். ஒருவழியாக ஆய்வுக்கூடத்துப் பெண் அறிக்கையோடு வந்தாள்.

"முப்பத்தேழு வகை வைரஸ் சார். முப்பத்தாறு, காலங்காலமா கொசுவுக்குள்ளயே குடும்பம் நடத்தறது. மனுஷனை ஒண்ணும் பண்ணாது. ஒண்ணுதான் காய்ச்சல் தரும். உடனே சாக்கடையை..."

"இரும்மா. ஒருத்தன் பண்ண தப்புக்கு முப்பத்தாறு பேரைக் காலி பண்ணணுமா? விசாரணைகூட இல்லாம?"

"சார், அது வைரஸ்!"

"இருக்கட்டுமே. விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

இயற்கை நீதியை நிலைநாட்டும் பொருட்டு முப்பத்தேழு கோப்புகள் திறக்கப்பட்டன. பதினொன்றுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்றாள் அந்தப் பெண். பெயரில்லாதவருக்கு நோட்டீஸ் அனுப்ப இயலாது. ஆகவே பெயர் சூட்டும் குழு அமைந்தது. குழு டீ குடித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் மருமக படுத்த படுக்கையா கிடக்கறாய்யா!"

"அவங்க அந்தத் தெருவுலதான் இருக்காங்கன்னு என்ன அத்தாட்சி?"

"நான் சொல்றேனே!"

"வைரஸுக்கு ஆய்வுக்கூடம் சான்று கொடுத்திருக்கு. உங்களுக்கு யார் கொடுத்தா?"

பதிவேட்டைப் புரட்டினார். எங்கள் தெரு அதில் இல்லை. மனை விற்றவன் அனுமதியே வாங்கவில்லையாம். ஆக, அத்துமீறிக் குடியிருப்பது யார் என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று.

ஒரு மாதத்துக்குள் காலி செய்யும்படி நாற்பத்திரண்டு நோட்டீஸ் வந்தது. விலாசத்துக்கு அவர் அலையவில்லை. எங்கள் மனுவிலேயே வரிசையாக இருந்தது, கையெழுத்தோடு.

தெரு கொதித்தது. நானும்தான். "அலுவலகமா அது, வெட்கங்கெட்டவனுங்க!" என்று ஆளாளுக்கு நோட்டீஸைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் வீசினோம். பழைய செருப்பு, பாலித்தீன் பை, உடைந்த வாளி எல்லாவற்றுக்கும் மேலே அது வெள்ளையாக மிதந்தது.

மருமகள் போர்வையோடு ஜன்னலில் நின்றாள்.

"மாமா, அதை ஏன் அங்க போடறீங்க?"

"வேற எங்கம்மா போடறது?" என்றேன்.