லேசா ஒண்ணு போடும்மா

"ஆன் பண்ணிட்டுக் குளிக்கப் போனேன். குளிச்சு, தலை துவட்டி, துணியும் காயப்போட்டாச்சு. இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றபடி அப்பா அந்தப் பழைய லேப்டாப்பைக் கட்டிலில் வைத்தார்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேலையை விட்டு அவளை நிறுத்திய கம்பெனி, கடைசி மின்னஞ்சலை 'வாழ்த்துகளுடன்' என்று முடித்திருந்தது. அதிலிருந்து படுக்கைதான் கதி. திரைச்சீலை திறக்கப்படவில்லை. தலையில் சிக்கு விழுந்திருந்தது. சீப்போடு துரத்த அம்மாவும் உயிரோடு இல்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் வாசற்படியில் நின்று ஒருமுறை செருமிவிட்டுப் போவதுதான்.

"ஏதுப்பா இது?"

"சிநேகிதன் சும்மா குடுத்தான். பழைய பாட்டு கேக்கலாம்னு பார்த்தேன்."

"அரதப் பழசு. இப்ப வர்ற விண்டோஸை இது தாங்காது. லேசான ஓஎஸ் ஏதாவது போடணும்."

"போட்டா எடை குறையுமா?"

அவள் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஆனால் லேப்டாப்பின் விசிறி, மேடு ஏறும் லாரி போல் உறுமியது. தூங்கவிடவில்லை. அதன் வாயை அடைக்கத்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

தன் பழைய பென் டிரைவில் கிடந்த ஓஎஸ்களில் முதலில், எல்லோரும் புகழ்கிற லினக்ஸ் ஒன்றைப் போட்டாள். திரையில் அழகான ஏரி வந்தது. மவுஸ் அம்பு மட்டும் ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது.

"படம் நல்லாயிருக்கு. பாட்டு?"

"பாடாது."

அதைத் தூக்கிவிட்டு இன்னும் லேசான ஒன்று. அது குதித்து ஓடியது. வைஃபையைக் காணோம். வைஃபை வர ஒரு ஃபைல் வேண்டும். அந்த ஃபைலை இறக்க வைஃபை வேண்டும்.

"சாவியை உள்ள வெச்சுப் பூட்டின கதையால்ல இருக்கு!"

போனில் இறக்கலாம் என்றால் ஜன்னலோரம்தான் சிக்னல். திரைச்சீலையை விலக்கினாள், கண் கூசியது. வைஃபை வந்தது, சத்தம் போயிற்று. சத்தத்துக்காக எதையோ அப்டேட் செய்தாள். திரை தலைகீழானது.

அப்பா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "பரவால்லம்மா. பாட்டுதானே, நான் எப்படியோ கேட்டுக்கறேன்."

"பேசாம இருங்கப்பா!"

ஆத்திரத்தில், இருப்பதிலேயே மிக லேசானதைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது. வேறொன்றும் இல்லை.

"இது ரொம்ப லேசும்மா. ஒண்ணுமே இல்ல."

அவள் லேப்டாப்பை மூடினாள். "எதைத் தொட்டாலும் கெடுக்கறேன்ப்பா. அதனாலதான் அவங்களும் என்னை..."

அப்பா எழுந்து போய் டீ போட்டு வந்தார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சமையலறையில் வெகுநேரம் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆடை படிந்த டீயைக் குடிக்கும்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது. இரண்டாவதாகப் போட்டதே சரி. அப்டேட்டைத் தொட்டிருக்கக் கூடாது. சத்தத்துக்கு வேறு வழி இருந்தது. கூட ஒரு மெமரித் துண்டு சேர்த்தால் போதும். மறுபடி எல்லாம் போட்டாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பின் தலை வாரினாள்.

"எங்கம்மா?"

"பின் தெரு ரிப்பேர் கடைக்கு."

"நான் வேணா போய்..." என்று அப்பா அவசரமாகச் செருப்பைத் தேடினார்.

"உங்களுக்கு என்ன கேக்கணும்னு தெரியாதுப்பா" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் மெமரியைப் பொருத்தி ஆன் செய்தார். திரை நேராக வந்தது. வைஃபை வந்தது. ஒரு பழைய பாட்டு, கரகரப்பில்லாமல் பாடியது. அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"இதைப் பாட வெச்சிட்டீங்களேம்மா! பெரிய விஷயம்" என்றார் கடைக்காரர்.

"அப்பாவோட சிநேகிதர் தலையில கட்டிட்டார்ண்ணே. நல்லதா ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?"

கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா ஓடறதைத்தான் முதல்ல குடுத்தேன்மா. மறுநாளே திருப்பிக் கொண்டாந்து, 'இதுல ஒரு கோளாறும் இல்லையேப்பா, என் பொண்ணு எதுக்கு எந்திரிப்பா? சுலபத்துல சரியாகாத மாதிரி ஒண்ணு குடு'ன்னு, உங்கப்பாதான் இதைத் தேடி எடுத்துட்டுப் போனார்."